நொடிக்கொரு தரம்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வீட்டிலும் சரி, வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலும் சரி, அவன் பம்பரம். நாற்காலியில் அவன் முழுசாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தாலும் பாதி உடம்பு எழுந்திருக்கத் தயாராக இருக்கும். சின்ன வயதில் வாசல் கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது, காய்ந்துவிட்டதா காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, பெயின்டரை மறுபடி முதலிலிருந்து அடிக்க வைத்தவன் அவன். வளர்ந்த பிறகும் திருந்தவில்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டில் இறங்கி எட்டிப் பார்க்கிற கட்சி. எட்டிப் பார்த்தால் பஸ் சீக்கிரம் வந்துவிடும் என்று உலகத்தில் சிலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு, அவர்களை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கல்யாணமான புதிதில் மனைவி கூரியர் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பினால், பஸ் ஏறியாச்சா, இறங்கியாச்சா, சாப்பிட்டாச்சா என்று மூச்சுக்கு முந்நூறு தரம் போன் செய்வான். அந்தப் பெண் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் போனைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனாள். அன்றைக்கு அவன் கூரியர் ஆபீஸுக்கே போய் நின்றான். அக்கறைதான், யார் இல்லை என்றார்கள். ஆனால் அந்த அக்கறையோடு ஒரு நாள் முழுக்கக் குடித்தனம் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இப்படிப்பட்டவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை வாய்த்ததில் ஆச்சரியம் இல்லை. அது சந்தேகப் பேர்வழிகளுக்கென்றே ஏற்பட்ட தொழில். ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் இல்லை, தடித்த சுவர்கள், எப்போதும் ஏசியின் உறுமல். அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள் இருந்தன. வீட்டில் பிள்ளைகள் விளையாடுகிற ரகம் இல்லை. ஒரு காலத்தில் பெரிய பெரிய கணக்குகளுக்கென்றே செய்து விற்ற ரகம். செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. உதிரி சாமான் வேண்டுமென்றால் பழைய சாமான் விற்கிறவர்களிடம் தேடி அலையவேண்டும். புதுசு வருகிறது, வருகிறது என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருந்தது.

இரண்டில் மூத்ததற்கு மாமியார் என்று பெயர், இளையதற்கு மருமகள். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். படம் திறப்பது, கோடு போடுவது மாதிரியான எடுபிடி வேலையெல்லாம் மருமகளுக்கு. நோயாளியின் உடம்புக்குள் கதிரை எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு நேரம், என்ன அளவில் செலுத்துவது என்கிற முக்கியமான கணக்கு மாமியாருக்கு மட்டும்தான் தெரியும். அந்த புரோகிராமுக்கான அனுமதி அந்த ஒரு பெட்டிக்குத்தான். கஷ்டமான கணக்கென்றால் கிட்டத்தட்ட ஒரு பகல் எடுத்துக்கொள்ளும். நடுவில் சேமித்து வைக்கிற பழக்கமும் கிடையாது. பாதியில் நின்றால் முதலிலிருந்துதான்.

கணக்குப் போட வைப்பது இயற்பியல் படித்த பிசிசிஸ்ட் மேடத்தின் வேலை. அளந்து பேசுகிறவர், அளந்து சிரிக்கிறவர். பெட்டி விழாமல் பார்த்துக்கொள்வது பம்பரத்தின் வேலை. இத்தனை வருஷமாக அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் அண்ணிக்குத் தலையில் கட்டி என்றார்கள்.

அண்ணி ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு ஹாரன். அதற்குள் பிள்ளை படியில் நிற்காவிட்டால் வேன் போய்விடும். பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அவளுக்கு அதிகம் பயந்தார்கள். பம்பரத்துக்கும் அவள் ஒரு முறை வேன் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் பார்த்து, இரண்டாம் நாளே கும்பிடு போட்டுவிட்டாள். நீ கண்ணாடியில பின்னாடியே பாத்துக்கிட்டு ஓட்டற, முன்னாடியும் ஒரு ரோடு இருக்கு என்று சொல்லிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். தாய் இல்லாத வீட்டுக்கு மருமகளாக வந்தவள். இவன் காலேஜ் படிக்கிறபோது, பரீட்சை முடிவு வருவதற்குள் இவன் பண்ணுகிற அமர்க்களத்தைத் தாங்கி, திட்டி, சோறு போட்டு உட்கார வைத்ததெல்லாம் அவள்தான். அண்ணனிடம் இவன் பேசுகிற பேச்சைவிட அண்ணியிடம் பேசுகிற பேச்சு அதிகம்.

ஒரு நாள் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, எதிரே ஒரு விளக்குக் கம்பம் இரண்டாகத் தெரிந்திருக்கிறது. வேனை ஓரம் கட்டினாள். வேறு வேனை வரவழைத்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அண்ணனிடம் சொன்னாள். ஸ்கேன் எடுத்ததில் இடது கண்ணுக்குப் பின்னால் கட்டி. பரவுகிற ஜாதி இல்லை, ஆனால் பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. கத்தி வைக்க முடியாத இடம். கதிர்தான் வழி, அதுவும் மயிரிழை பிசகாமல், கட்டியைத் தொடவேண்டும், நரம்பைத் தொடக்கூடாது. சீக்கிரம் ஆரம்பித்தால் கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். தள்ளிப்போனால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார்.

அதாவது, அண்ணியின் கண் மாமியாரின் கணக்கில் இருந்தது, மாமியார் பம்பரத்தின் பொறுப்பில் இருந்தது. கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற மனுஷனுக்கே அந்த நிலைமையில் இருப்புக் கொள்ளாது. இவனைப் பற்றிச் சொல்லவா வேண்டும்.

மேடம் காலையில் கணக்கை ஓட விட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திரை அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கோடு கோடாக ஏதோ ஓடி, இருண்டு, தானாகவே மறுபடி முதலிலிருந்து எழுந்தது. மாமியார் மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க என்று வழக்கமாகச் சொல்லிச் சிரிக்கிற டெக்னீசியன் அன்றைக்குச் சிரிக்காமல் பம்பரத்தைக் கூப்பிட ஓடினார்.

பம்பரம் மூடியைக் கழற்றினான். இந்த வேலையில் அவன் சோடை இல்லை. விழும்போது பெட்டி கடைசியாகப் புலம்பியதைப் படித்துப் பார்த்தான். மெமரியில் ஒரு இடத்தைக் குறை சொல்லியிருந்தது. அந்த மெமரி அட்டையைப் பிடுங்கினான். தங்க நிறத்தில் இருக்கவேண்டிய முனைகள் மங்கிக் கிடந்தன. பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தான், துடைத்தான், ஃபேனில் அடைந்திருந்த தூசியை ஊதித் தள்ளினான், அட்டையை நன்றாக அழுத்திப் பொருத்தினான். பெட்டியின் சொந்தச் சோதனையை ஓட்டிப் பார்த்தான், சுத்தமாகத் தேறியது. வேறு யாராவது இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

இவனுக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி விழுந்தால்? அப்போது கையும் களவுமாகப் பிடிக்கவேண்டாமா? ஒரு சின்ன புரோகிராம் எழுதினான், அதற்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்தான். பெட்டிக்குள் யார் யார் வேலை செய்கிறார்கள், யார் எவ்வளவு மெமரி எடுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவருடைய முழு ஜாதகத்தையும் நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுதி வைப்பது அதன் வேலை. நிமிஷம் என்று எழுதி முடிப்பதற்குள்ளேயே அது அவனுக்கு யுகமாகத் தோன்றியது. பத்து நொடிக்கு ஒரு தரம் என்று மாற்றினான்.

எழுதுவதை எங்கே வைப்பது? மாமியாரின் டிஸ்க் அரதப் பழசு, சுற்றும்போது பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் போடும். அதற்கு மேலும் பாரம் ஏற்ற அவனுக்கு மனசு வரவில்லை. அதனால் தற்காலிகக் கோப்புகள் போடுகிற இடத்தில் போட்டான். அந்தப் பெட்டியில் அந்த இடம் டிஸ்கில் இல்லை, மெமரியிலேயே இருந்தது. வேகமாக இருக்கட்டும் என்று பல வருஷத்துக்கு முன்னால் அப்படி ஏற்பாடு செய்தவனும் அவன்தான். பெட்டி விழுந்து எழுந்தால் அங்கே இருப்பதெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும் என்பதும் தெரியும். அதற்காகத் தன் மேஜைக் கம்ப்யூட்டரின் திரையில் ஒரு ஜன்னல் திறந்து, வாட்ச்மேன் எழுதுகிற கடைசி வரிகள் அதில் ஓடும்படி செய்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

மறுநாள் சாயங்காலம், கணக்கு முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்கிறபோது மாமியார் விழுந்தது.

அவன் மேஜையில் கடைசி வரிகள் உறைந்து நின்றன. மெமரி முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று அவை சொல்லின. சரி, தின்றது யார்? பட்டியலில் ஒவ்வொருவராகக் கூட்டிப் பார்த்தான். கணக்குப் போடுகிற புரோகிராம் தன் பங்கைத்தான் எடுத்திருந்தது, மற்றவர்கள் கொறித்ததோடு சரி. வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது, வீட்டில் இருக்கிற ஒருத்தர் மடியிலும் பொருள் இல்லை. அப்படியானால் எவனோ வருகிறான், எடுக்கிறான், பத்து நொடிக்குள் மறைந்துவிடுகிறான் என்று முடிவு கட்டினான். ஐந்து நொடிக்கு ஒரு தரம் ஆக்கினான். அடுத்த தடவை பெட்டி சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை, மத்தியானமே விழுந்தது. நோய் முற்றுகிறது என்று நினைத்தான். நொடிக்கொரு தரம் ஆக்கினான். கூடவே சூட்டைப் பார்க்க ஒரு வாட்ச்மேன், டிஸ்கைப் பார்க்க ஒரு வாட்ச்மேன். மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு எழுதினார்கள்.

அண்ணிக்குக் கதிர் கொடுக்கத் தொடங்கவேண்டிய நாள் தள்ளிப்போனது. பிறகு இன்னொரு முறையும் தள்ளிப்போனது.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இதே கதைதான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், தலை வலிக்குதா அண்ணி? குமட்டுதா? என்று ஆரம்பிப்பான். முகத்துக்கு நேராக ஒரு விரலை நீட்டி எத்தனை தெரியுது என்று கேட்பான். ஆரம்பத்தில் அவள் ரெண்டு என்பாள், சில சமயம் வேண்டுமென்றே ஏழு என்பாள். அண்ணன் சொல்லிப் பார்த்தான், இவன் மனைவி சொல்லிப் பார்த்தாள். குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் அவள் நாற்காலிக்கும் அலைவதை அவனால் நிறுத்த முடியவில்லை. அவன் வருகிற சத்தம் கேட்டாலே அண்ணி கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல இருக்கத் தொடங்கினாள். தூங்குகிறாளா என்று குனிந்து மூச்சைக் கவனிப்பான். இதற்கு மேல் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்.

ஒரு நல்ல சேதி மட்டும் வந்தது. விரலை நீட்டினபோது ஒரு நாள் அவள் ஒண்ணு என்றாள். மறுநாளும் ஒண்ணு. வீக்கம் வற்றுவதற்காகக் கொடுத்த மாத்திரை வேலை செய்கிறது என்று அவன் துள்ளிக் குதித்து அண்ணனிடம் சொன்னான், ஆஸ்பத்திரியில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னான். அந்த நாட்களில் அவனுக்குச் சோறு இறங்கியது அந்த ஒரு சேதியால்தான்.

ஆனால் டாக்டர் பொறுமை இழந்துவிட்டார். வியாழக்கிழமைக்குள் கணக்கு கைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அங்கே வரிசை ஒரு மாதத்துக்கு மேல். அந்தக் கண் ஒரு மாதம் காத்திருக்குமா என்று பம்பரம் கேட்டான். டாக்டர் அடுத்த நோயாளியின் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

செவ்வாய்க்கிழமை அவன் லீவு போட்டான். மாத்திரையால் அண்ணியின் முகம் ஊதியிருந்தது, முன்பு செய்த முகமூடி இப்போது பொருந்தவில்லை. கதிர் கொடுக்கும்போது தலை அசையாமல் இருக்க, வலை வலையாக ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் அழுத்தி அச்சு எடுப்பார்கள். அதை மறுபடி எடுக்கவேண்டும், கூடப் போகவேண்டும். அண்ணி படுத்திருந்த அறைக் கதவின் கண்ணாடி வழியாக அவன் எட்டி எட்டிப் பார்த்ததில், உள்ளே இருந்த பெண் வந்து திரையை இழுத்து மூடிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவன் மேஜையில் இல்லாததால் வாட்ச்மேன்களையும் ஓட விடவில்லை. பார்க்க ஆள் இல்லாமல் எழுதி என்ன பிரயோசனம் என்று நினைத்தான். அண்ணியின் கணக்கையும் அவன் இல்லாமல் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். மேடம் அன்றைக்கு வேறொரு நோயாளியின் கணக்கை ஓட்டினார்.

புதன்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து, வாட்ச்மேன்களை எழுப்பி நிறுத்தினான், மேடம் வந்ததும் அண்ணியின் கணக்கை ஓட விட்டார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாமியார் விழுந்தது.

மேடம் நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தார். கோபம் இல்லை, ஆனால் சிரிப்பும் இல்லை.

"நேத்து இதே அளவு கணக்கு சார். சாயங்காலம் வரைக்கும் ஓடி முடிஞ்சுது. ஒரு தும்மல்கூட இல்ல."

"அதுக்கு?"

"நீங்க இல்லாத அன்னிக்கு இது விழறதில்ல. போன வாரம் நீங்க உங்க அண்ணியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன அன்னிக்கு வேற ஒருத்தர் கணக்கு ஓட்டினேன், அன்னிக்கும் விழல. நான் ராசி, ஜாதகம் எல்லாம் பாக்கறவ இல்ல. ஆனா நீங்க வந்தா விழுது."

பம்பரத்துக்குச் சுருக்கென்று தைத்தது. சொந்த அண்ணியின் கண்ணை வைத்துக்கொண்டு நான் விளையாடுவேனா, நானா மெஷினில் கை வைக்கிறேன், இத்தனை நாள் ராப்பகல் பார்க்காமல் உழைத்ததற்கு இதுதான் பேச்சா என்று குரல் உயர்ந்துவிட்டது. மேடம் சொன்னது தப்பு என்று நிரூபித்துக் காட்டுகிற ஆத்திரத்தில்தான் அவன் உட்கார்ந்தான். நேற்று என்னென்ன ஓடின, இன்றைக்கு என்னென்ன ஓடின என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒரே வித்தியாசம்தான் இருந்தது.

கணக்கை நிறுத்தி வைத்து, வாட்ச்மேன்களை மட்டும் ஓட விட்டான். வேறு யாருமே இல்லாத பெட்டிக்குள் மெமரி குறையத் தொடங்கியது. மெல்ல, நிற்காமல். தற்காலிக இடத்தைத் திறந்து, வாட்ச்மேன் எழுதின கோப்பு எவ்வளவு பெரிதென்று முதல் முறையாகப் பார்த்தான். பெட்டிக்குள் இருந்த எல்லாரையும் அளந்தவன் அதை மட்டும் அளந்து பார்த்ததே இல்லை. மெமரியில் கிடக்கிற கோப்பு யார் கணக்கிலும் வராது, அதனால்தான் பட்டியலில் திருடன் இல்லை. நொடிக்கொரு தரம் எழுதி எழுதி அவனுடைய வாட்ச்மேன்தான் வீட்டையே தின்றிருக்கிறது. விழுந்து எழும்போது தின்ற தடயமும் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது. உண்மையான கோளாறு முதல் நாள் ரப்பரால் தேய்த்தபோதே போய்விட்டது. அதற்குப் பிறகு பெட்டி விழுந்த ஒவ்வொரு தடவையும் அவன் தள்ளிவிட்டதுதான்.

அவனுக்குக் காது இரண்டும் சுட்டது. மேடத்திடம் போய் நின்று சொன்னான், ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணியின் இத்தனை நாளை நான்தான் வீணடித்தேன் என்றான். நல்லவேளை, மேடம் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். வாட்ச்மேன்களை அழிக்கச் சொன்னார், அழித்தான். பெட்டியை முதலிலிருந்து எழுப்பச் சொன்னார், எழுப்பினான். கணக்கை ஓட விட்டார். பிறகு கதவைக் காட்டினார்.

"இப்ப வீட்டுக்குக் கெளம்புங்க. நான் கூப்பிடற வரைக்கும் நீங்க கூப்பிடாதீங்க. வேற மெஷின்லேருந்து உள்ள எட்டிப் பாக்கவும் கூடாது."

அவன் கிளம்பினான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட மனசு வராமல் மரத்தடியில் சுற்றிச் சுற்றி வந்து, சாயங்காலம்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போனான். அங்கே நின்றபோது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது, போனைத் தொட்டது, வெளியே வந்தது. மறுபடி போனது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தான். இப்போது எவ்வளவு தூரம் ஓடியிருக்கும், மெமரி எவ்வளவு இருக்கும், ஃபேன் சுற்றுகிறதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, சாயங்கால வெயிலில் அரக்கப் பரக்க நடந்து வீட்டுக்கு வந்தான்.

அண்ணனும் பம்பரத்தின் மனைவியும் வேலையிலிருந்து திரும்பவில்லை. அண்ணி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனை அந்த நேரத்தில் எதிர்பார்க்கவில்லை, அதனால் தூங்குகிற மாதிரி நடிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. விழுந்துடுச்சா என்று கேட்டாள். இல்ல, ஓடுது என்றான். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னான். மெமரி, வாட்ச்மேன், தின்றது, துடைத்துக்கொண்டு போனது எல்லாம். அவள் ஒரு பாவாடையை மடித்தபடி கேட்டாள். எவ்வளவு புரிந்ததோ தெரியாது, முக்கியமானது புரிந்துவிட்டது.

"இப்ப எந்த அளவுல இருக்கு?"

"தெரியல அண்ணி. பாக்கக் கூடாதுன்னுட்டாங்க."

அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்தான். அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, தானும் ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினான். கோணல் மாணலாக வந்தது. விரலை நீட்டிக் கேட்கவேண்டும் என்று கை பரபரத்தது, இன்றைக்கு எதையும் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்துக்கொண்டு அடக்கினான். கேள்வி கேட்காமல் அவன் அவ்வளவு நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்த வியாதி வந்த பிறகு அதுதான் முதல் தடவை. மடிக்கவேண்டிய துணி தீர்ந்துபோனது. அவள் கை சும்மா மடியில் கிடந்தது.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

அவன் தலையை ஆட்டினான்.

"நீ விரல் காட்டறப்ப ஒண்ணுன்னு சொன்னேன்ல. பொய் சொல்லல, ஒண்ணுதான் தெரிஞ்சுது. ஆனா சரியாகிப் போனதால இல்ல. எடது கண்ணு அவிஞ்ச விளக்காட்டம் ஆயிடுச்சு. ஒரு கண்ணால பாத்தா எல்லாம் ஒண்ணுதானே."

அவன் எழுந்துவிட்டான். எழுந்தது அவனுக்கே தெரியாது. வாய் திறந்துவிட்டது, எப்பலேருந்து, ஏன் சொல்லல, டாக்டர்கிட்ட, என்று ஏதேதோ ஒரே நேரத்தில் கொட்டியது. அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை.

"உக்காரு. நான் இன்னும் சொல்லி முடிக்கல."

உட்கார்ந்தான். அவள் சொன்னாள். கண் மங்கின முதல் நாள் காலையில் தலை வாரும்போது கண்ணாடியில் ஒரு பக்கம் சாம்பலாகத் தெரிந்ததையும், அழுக்கு என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்ததையும் சொன்னாள். வேன் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு அழுததையும் சொன்னாள். உன்கிட்ட ஒண்ணு சொன்னா நீ ஓராயிரம் கேப்ப, உன் அண்ணன்கிட்ட சொன்னா அவரு உன்கிட்டதான் சொல்லுவாரு, அந்த மெஷினும் ஓட மாட்டேங்குது, இதுல இதை வேற யாருகிட்ட சொல்ல என்றாள். இருட்டைப் பற்றிச் சொன்னாள், அது கறுப்பாகக்கூட இல்லை என்றாள். வெளிச்சம் மட்டும் இன்னும் கொஞ்சம் தட்டுப்படுகிறது, அது எத்தனை நாளைக்கோ என்றாள். தினம் தினம் ஒரு விரலை நீட்டி அந்த ஒண்ணைக் கேட்டு சந்தோஷப்பட்டவன் அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தான். கண்ணில் தண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

அப்போது அவன் பாக்கெட்டில் போன் அடித்தது. மேடத்துக்கென்று வைத்த தனி மணி. முடிந்துவிட்டது என்றும் இருக்கலாம், விழுந்துவிட்டது என்றும் இருக்கலாம். அண்ணி நிறுத்தினாள். அவன் போனை எடுக்கவில்லை.

"சொல்லுங்க அண்ணி."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது, மறுபடி ஓய்ந்தது. அவள் பயமெல்லாம் ஒன்றுதான், இனிமேல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக விடமாட்டார்கள் என்பது. அதைச் சொல்லும்போது மட்டும் அவளால் முடியவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் எதுவும் கேட்கவில்லை, சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. அவள் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவ்வளவுதான் என்று சொல்கிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் முறை போன் அடித்தபோது எடு என்றாள் அவள்.

எடுத்தான். மேடத்தின் குரலில் முதல் முறையாகக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. கணக்கு முடிஞ்சுது சார், சரிபார்க்க ஆரம்பிச்சாச்சு, காலையில அவங்களைக் கூட்டிட்டு வாங்க என்றார்.

அவன் ஏற்கனவே வாசலிலிருந்து அண்ணியின் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"காலையில இல்ல மேடம். டாக்டரைப் போகவேண்டாம்னு சொல்லுங்க, இப்பவே கூட்டிட்டு வர்றேன். அண்ணிக்கு அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்."